ஷாம்ப்ளேனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. கனடாவில் கியூபெக் குடியிருப்பைத் தொடங்கிய பிரெஞ்சுப் பயணி, வரைபடக்காரர் சாமுவேல் தெ ஷாம்ப்ளேன். அவர் பெயரை இணையத்தில் தேடினால் நீண்ட முடியும் மீசையுமாக ஒரு கனவான் வந்து நிற்பார். அவர் ஷாம்ப்ளேன் இல்லை. மிஷேல் பார்த்திசெல்லி என்ற பிரெஞ்சு நிதி அதிகாரி. 1654இல் செதுக்கப்பட்ட அவருடைய உருவத்தைப் பார்த்து, 1854இல் ஓர் ஓவியர் ஷாம்ப்ளேனின் பெயரில் கல்லச்சுப் படம் போட்டுவிட்டார். இருநூறு ஆண்டு கழித்து யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? பாடநூல்வரை அது போய்விட்டது.

அவர் காலத்திலேயே அச்சான அவருடைய உருவம் என்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். 1613இல் வெளிவந்த அவருடைய பயணநூலில் ஒரு போர்க்காட்சி இருக்கிறது. நடுவில் துப்பாக்கி பிடித்து நிற்கும் அந்தச் சின்ன உருவம்தான் அவர். முகம் பட்டாணி அளவுகூட இருக்காது. அதே படத்தில் பனை போன்ற மரங்களும் நிற்கின்றன! பனிக்காலத்தில் உறைந்துபோகும் ஏரிக்கரையில் பனைமரம். எதிரிகளை வேறு வெற்றுடம்போடு வரைந்திருக்கிறார்கள். அம்பு துளைக்காத மரக்கவசம் அணிந்து வந்தார்கள் என்று நூல் சொல்கிறது. படத்தைச் சான்றாக வைத்து எழுதப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் எழுத்தையும் படித்துவிடுவது நல்லது.

பிறந்த ஆண்டை அடித்துச் சொல்லாதீர்கள். 1567, 1570, 1580 என்று ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். லா ரொஷேல் நகரத்துப் புரொட்டஸ்டண்ட் தேவாலயப் பதிவேட்டில், பெயர் சற்றே மாறிய ஒரு ஞானஸ்நானக் குறிப்பு 2012இல் கவனத்துக்கு வந்தது. தேதி 1574 ஆகஸ்ட் 13. அது இவராக இருக்கலாம், அவ்வளவுதான். பெயரில் உள்ள 'தெ'யைப் பார்த்துப் பிரபு வம்சம் என்றும் எழுதிவிட வேண்டாம். 1603இல் வந்த முதல் நூலில் அவர் 'புருவாஜ் ஊர் சாமுவேல் ஷாம்ப்ளேன்' மட்டுமே. 'தெ' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

'கனடாவைக் கண்டுபிடித்தவர்' என்பது இன்னொன்று. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களை மட்டும் எண்ணினாலும் ஜாக் கார்த்தியே 1534இல் வந்துவிட்டார். 1608 ஜூலை 3இல் ஷாம்ப்ளேன் கியூபெக்கில் இறங்கியதும் சொந்த முயற்சியில் அல்ல. தோல் வணிக உரிமை பியேர் துகுவா தெ மோன் கையில் இருந்தது; இவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர்கள் கட்டியது நகரமும் இல்லை: மாடிவீடுகள் மூன்று, சுற்றி ஓர் அகழி. அந்தக் குளிர்காலத்தில் தங்கியவர்கள் 28 பேர். வசந்தம் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 8 பேர்.

இனி வரைபடங்களுக்கு வருவோம். அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இங்கேதான். 1612ஆம் ஆண்டின் பெரிய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் கடற்கரை முழுவதும் திருகிக் கிடப்பதுபோல் தெரியும். 'அந்தக் காலத்து அரைகுறை அறிவு' என்று எழுதிவிடுவோம். அவர் தெரிந்தேதான் அப்படி வரைந்தார். திசைகாட்டி முள் உண்மையான வடக்கைக் காட்டாது. இடத்துக்கு இடம் விலகும். மாலுமிகளில் பலருக்கு அந்த விலகலைக் கணக்கிடத் தெரியாது. அதனால் அவர்கள் கையிலிருந்த திசைகாட்டி காட்டுகிறபடியே கரையை வரைந்து கொடுத்தார். உண்மையான வடக்கை வைத்து வரைந்த சிறிய படத்தையும் அதே 1613 நூலில் சேர்த்து, ஏன் இரண்டு என்று காரணமும் எழுதினார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான். பயன்படுத்தப் போகிறவன் யார் என்று யோசித்து வரைந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் அவரே நடந்து பார்த்து வரைந்தார் என்பதும் தவறு. 1605 ஜூலையில், இன்றைய மாசசூசெட்ஸ் கரையில் கேப் ஆன் அருகே, அவ்வூர் மக்கள் சிலரைச் சந்திக்கிறார். கரித்துண்டு எடுத்து, தான் கண்ட கரையைத் தீட்டிக் காட்டுகிறார். அவர்கள் அதே கரியை வாங்கி, அவர் இன்னும் போகாத விரிகுடாவை வரைந்து முடிக்கிறார்கள். பிறகு ஆறு கூழாங்கற்களைச் சம இடைவெளியில் வைக்கிறார்கள்: அங்கே ஆறு தலைவர்கள், ஆறு குடிகள் என்று பொருள். இதை ஷாம்ப்ளேனே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் போகாத பெரிய ஏரிகளும் அவருடைய வரைபடங்களுக்குள் இப்படித்தான் வந்தன. மறைத்தவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

முன்னே சொன்ன போர்க்காட்சியில் உள்ள 1609 ஜூலை 30 சண்டையைப் பற்றி, 'ஒரே வெடியில் நூறாண்டுப் பகையைத் தொடங்கிவைத்தார்' என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவரோடு சேர்ந்து போரிட்ட வென்டாட், அல்கோன்கின், இன்னு என்னும் பூர்வகுடி மக்களுக்கும் எதிரிகளான மோஹாக்குகளுக்கும் இடையே பகை முன்பே இருந்தது. 1603இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலுள்ள தாதுசாக்கில் இன்னுத் தலைவர் அனதாபிஜுவோடு பிரெஞ்சுக்காரர்கள் உறவு பேசியபோதே ஒரு பக்கம் சேர்ந்தாயிற்று. அதற்காக அவரைக் குற்றமற்றவர் என்று காட்டவும் வேண்டாம். துப்பாக்கியில் நான்கு குண்டுகள் போட்டுச் சுட்டதை அவரே எழுதுகிறார். தலைவர்கள் மூவரில் ஒருவரைக் குறிவைத்தே சுட்டார்.

அவர் மனைவி எலேன் புல்லேயை 'பயணத் துணைவி' ஆக்குவதும் உண்டு. 1610இல் மணம் முடித்தபோது அவளுக்கு 12 வயது. கியூபெக்கில் இருந்தது 1620 முதல் 1624 வரைதான். கணவர் இறந்த பிறகு கன்னியாஸ்திரீ ஆனாள்.

1635 டிசம்பர் 25இல் இறந்தவரின் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே 'கல்லறை' என்று ஏதாவது படம் கிடைத்தால் விட்டுவிடுங்கள். 1867இல் ஒன்டாரியோவின் கோப்டன் அருகே ஒரு பண்ணைச் சிறுவனுக்குக் கிடைத்த அஸ்ட்ரோலேப்பை (சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவி) 'ஷாம்ப்ளேன் தொலைத்தது' என்பதும் ஊகமே; தொலைத்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. ஒட்டாவாவில் ஆற்றோரக் குன்றுக்காக 1915இல் வடித்த சிலையில் அவர் அந்தக் கருவியை உயர்த்திப் பிடித்திருப்பார். அந்தப் படத்தைப் போடுவதானால் கீழே 'சூரியனின் உயரத்தை அளக்கிறார்' என்று எழுதாதீர்கள். மேல் வளையத்தில் தொங்கவிட்டு அளக்க வேண்டிய கருவி அது. சிலையின் கையில் தலைகீழாக இருக்கிறது.