ஃபெனிக்ஸா, பிஎம்டிஜியா என்று கேட்பதற்கு முன்

வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால், யார் செய்த விமானம் சிறந்தது என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்றவற்றில் சேர்த்து ஓட்டும் விமானங்களை (ஆட்-ஆன்) தனியாகச் செய்து தரும் டெவலப்பர்கள்தான் ஃபெனிக்ஸ், பிஎம்டிஜி எல்லாம். “பிஎம்டிஜியை அடிச்சுக்க ஆளே இல்லை” என்பார் ஒருவர். “ஃபெனிக்ஸை ஓட்டிப் பார்த்துட்டு வந்து பேசுங்க” என்பார் இன்னொருவர். மூலையில் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்-பிளேன்காரர் “ஹாட்ஸ்டார்ட் சேலஞ்சர்” என்று தன் சிமுலேட்டருக்கு வந்த ஒரு விமானத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் இந்தச் சண்டையில் பல வருடம் தொண்டை வற்றக் கத்தியவன்தான். அதை நம்பிப் பணத்தையும் விட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், நாங்கள் பேசியதில் பாதிக்கு விமானத்தோடு சம்பந்தமே இல்லை.

கேள்வியே கோணல். ஃபெனிக்ஸ் செய்வது ஏ320 குடும்பம். பிஎம்டிஜி செய்வது 737, 777, பழைய டிசி-6 போன்றவை. இரண்டையும் ஓட்டிவிட்டு, “737 கையில் கனமாக இருக்கிறது, திருப்பினால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏ320 தானாகப் பறக்கிறது, அதனால் ஃபெனிக்ஸ் விளையாட்டுத்தனம்” என்று ஒரு நண்பர் தீர்ப்பு எழுதினார். நிஜ விமானங்களே அப்படித்தான் இருக்கின்றன. 737-இல் வேகம் மாறினால் டிரிம்மை (கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கை நிலையாக வைத்திருக்கும் அமைப்பு) நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். ஏ320-இல் ஸ்டிக்கை விட்டுவிட்டால் இருந்த சாய்விலேயே நிற்கும், டிரிம்மைக் கணினி பார்த்துக்கொள்ளும். நண்பர் ஒப்பிட்டது போயிங்கையும் ஏர்பஸ்ஸையும், திட்டியது டெவலப்பரை.

சரி, ஏ320-ஐ ஏ320-ஓடு ஒப்பிட்டால் போதுமா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ், புதிய நியோ ரகம். ஃபெனிக்ஸ் செய்தது பழைய சியோ ரகம். இரண்டிலும் ஒரே பாதையில் பறந்துவிட்டு, “எரிபொருள் கணக்கு இவ்வளவு வித்தியாசப்படுகிறதே, எவனோ ஒருவன் தப்பு” என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நியோ ரகம் எரிபொருளைக் குறைவாகக் குடிப்பதற்காகவே செய்யப்பட்டது. ஏர்பஸ் அதை விற்க ஆரம்பித்தபோது சொன்ன கணக்கே 15 சதவீதம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நேரமும் அப்படித்தான். நியோவின் லீப் எஞ்சினில், உள்ளே இருக்கும் தண்டு சூட்டில் லேசாக வளைந்திருக்கலாம் என்பதால், எரிபொருள் விடாமல் கொஞ்ச நேரம் சும்மா சுழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யும். அதைப் பார்த்து “ஸ்டார்ட் ஆக லேட்டாகுது, பக்” என்று புகார் எழுதினால் டெவலப்பர் என்ன செய்வார், பாவம்.

கடையையும் தொழிலாளியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம். பிளாக் ஸ்கொயர் செய்யும் போனான்சா, பேரன், டிபிஎம் 850 எல்லாம் ஜஸ்ட் ஃபிளைட் வழியாகத்தான் விற்பனைக்கு வருகின்றன. ஜஸ்ட் ஃபிளைட் தானும் விமானம் செய்கிறது, மற்றவர்கள் செய்ததையும் வெளியிடுகிறது. “ஜஸ்ட் ஃபிளைட் தரம் எப்படி?” என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த விமானம், யார் செய்தது என்று கேட்க வேண்டும். ஒரே டெவலப்பர் என்றாலும் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்காது. இனிபில்ட்ஸ் செய்த ஏ310, 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 40-ஆம் ஆண்டுப் பதிப்போடு எல்லோருக்கும் இலவசமாக வந்தது. அதே இனிபில்ட்ஸ் ஏ300-600-ஐத் தனியாக விலைக்கு விற்கிறது. முதல் முறை உட்கார்கிறவரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் சேர்த்து ஓட்ட வேண்டிய விமானத்தை வைத்து, தேடிப்போய் வாங்குகிறவருக்காகச் செய்த விமானத்தை எடைபோடக் கூடாது.

அப்புறம், நிஜ விமானத்தையே படித்துக் கற்கும் அளவுக்கு ஆழமானது என்ற பொருளில் ஆட்-ஆன்களுக்குச் சூட்டும் இந்த “ஸ்டடி லெவல்”. இந்தச் சொல்லுக்கு எந்த அமைப்பும் அளவுகோல் வைக்கவில்லை. விமான நிறுவனங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் பெரிய சிமுலேட்டர்களில் ‘லெவல் டி’ என்று ஒன்று உண்டு. நிஜ விமானம் பறந்தபோது எடுத்த தகவலோடு ஒப்பிட்டு, ஒழுங்குமுறை அமைப்பு சோதித்துக் கொடுக்கும் சான்று அது. நம் கணினியில் ஓடும் எதற்கும் அப்படி ஒரு சான்று கிடையாது. அட்டையில் “ஸ்டடி லெவல்” என்று போட்டிருந்தால், இட்லிக் கடை வாசலில் “தரமான” என்று எழுதியிருப்பதற்குச் சமம். உள்ளே போய்ச் சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எதைச் சாப்பிட்டுப் பார்ப்பது?

பெரும்பாலோர் செய்வது: வாங்கியதும் காக்பிட்டில் உட்கார்ந்து திருகாணியில் தேய்மானம் தெரிகிறதா, சீட்டில் தையல் தெரிகிறதா என்று பார்த்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆட்டோபைலட்டில் போட்டு, தானாக இறக்கிவிட்டு “அற்புதம்” என்று எழுதுவது. எல்லாம் சரியாகப் போகும் பயணத்தில் சுமாரான ஆட்-ஆனும் நல்லதாகவே தெரியும். வித்தியாசம் வெளியே வருவது ஏதாவது ஒன்று சரியில்லாமல் போகும்போது.

நான் ஏ320 எதை வாங்கினாலும் முதலில் காதால் சோதிப்பேன். இந்த விமானத்தில் ஏறியவர்கள் தரையில் நிற்கும்போது, தளத்துக்கு அடியில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். அது பிடியு என்கிற ஹைட்ராலிக் கருவி. பச்சை, மஞ்சள் என்ற இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு நடுவில் அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால், வலுவான பக்கம் பலவீனமான பக்கத்துக்குக் கை கொடுக்கும். இரண்டாவது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது அது தன்னையே ஒருமுறை சோதித்துக்கொள்ளும், அப்போது குரைக்கும். மேலோட்டமான ஆட்-ஆனில் இந்த இடத்தில் ஒரு ஒலிக்கோப்பை ஓடவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு எஞ்சினும் ஓடும்போது முதல் எஞ்சினின் ஹைட்ராலிக் பம்பை அணையுங்கள். பிடியு வேலை செய்ய ஆரம்பிக்க வேண்டும். காக்பிட் திரையின் ஹைட்ராலிக் பக்கத்தில் பச்சை அமைப்பின் அழுத்தம் மஞ்சளின் தயவில் நிற்க வேண்டும். இப்போது பிடியு-வையும் அணையுங்கள். பச்சை விழ வேண்டும், எச்சரிக்கை வர வேண்டும். இந்த வரிசை சரியாக வந்தால், உள்ளே யாரோ குழாய்களை உண்மையாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது தரையிறங்கும் கடைசி நொடிகள். ஏ320 தரையிலிருந்து 50 அடிக்கு வந்ததும் மூக்கின் கோணத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. 30 அடியிலிருந்து மூக்கை மெல்ல மெல்லக் கீழே தள்ளுகிறது, விமானி ஸ்டிக்கை இழுக்கும் பழக்கம் மாறக் கூடாது என்பதற்காக. கையை எடுத்துவிட்டு இறக்கிப் பாருங்கள் (சிமுலேட்டர்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது). மூக்கு விழவில்லை என்றால் அது ஏர்பஸ் வேஷம் போட்ட வேறு ஏதோ ஒன்று.

737 என்றால் என் சோதனை வேறு. இறக்கம் ஆரம்பித்த பிறகு, வழியில் ஒரு புள்ளிக்கு உயரக் கட்டுப்பாட்டைத் திடீரென்று மாற்றுவேன், பின்காற்றும் இருந்தால் இன்னும் நல்லது. கணினி பாதையை மறுபடி போட வேண்டும். முடியாத அளவுக்குச் செங்குத்தாகி வேகம் ஏறினால் ‘டிராக் ரிக்வயர்ட்’ (இழுவை தேவை) என்று சொல்லி ஸ்பீட் பிரேக் (வேகத்தைக் குறைக்க இறக்கையில் எழும் பலகைகள்) கேட்க வேண்டும். அப்புறம் இரண்டு ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டுத் திரைகளைப் பார்ப்பேன். கேப்டன் பக்கம் உயிரோடு இருந்து துணை விமானி பக்கம் இருட்டாக வேண்டும். எல்லாமே எரிந்தாலும் தப்பு, எல்லாமே அணைந்தாலும் தப்பு.

சின்ன விமானங்களில் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். பிளாக் ஸ்கொயர் விமானத்தில் ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் அந்தக் கருவி நிஜமாகவே செத்துப்போகும். ஏ2ஏ செய்த கமான்ச்சியில் நேற்று எஞ்சினை நீங்கள் படுத்திய பாட்டை அது இன்று மறந்திருக்காது. ஹாட்ஸ்டார்ட் சேலஞ்சர் 650-உம் அப்படித்தான், விட்ட நிலையிலேயே காத்திருக்கும். எக்ஸ்-பிளேன்காரர் சிரித்ததில் நியாயம் உண்டு.

டெவலப்பர் செய்யாத தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆட்-ஆன் வாங்கினேன். ஓடுபாதையில் வேகம் எடுத்தால் இடப்பக்கம் இழுத்தது. கோபத்தில் ஆதரவுப் பிரிவுக்கு நீளமாக ஒரு கடிதம் போட்டேன். “மற்ற விமானங்களில் எப்படி இருக்கிறது?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் இழுக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. என் ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) அசையும். அதற்குள் தூசி படிந்து, நடுவில் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் போட வேண்டியதாயிற்று. எதையும் ஒப்பிடுவதற்கு முன் ஜாய்ஸ்டிக்கின் உணர்திறன் அமைப்பை ஒரே மாதிரி வையுங்கள். ஏர்பஸ் ஆட்-ஆன்களில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் ‘திராட்டில்’ கைப்பிடி நிற்கும் இடங்களை விமானத்தின் உள்ளேயே இருக்கும் பக்கத்தில் அளந்து சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் “ஆட்டோ திரஸ்ட் வேலை செய்யவில்லை” என்பவர்கள் ஏராளம்.

சிமுலேட்டரின் குறையும் டெவலப்பர் தலையில்தான் விழும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 வந்து வெகுகாலத்துக்கு, மேகத்துக்குள் எங்கே எவ்வளவு மழை என்ற முப்பரிமாணத் தகவலை வெளியார் எடுத்துக்கொள்ள வழியே இல்லை. அதனால் நல்ல ஆட்-ஆன்களிலும் வானிலை ரேடார் வெறும் திரையாக இருந்தது. “இவ்வளவு காசு வாங்கிவிட்டு ரேடார் இல்லையே” என்ற விமர்சனம் அத்தனையும் தவறான முகவரிக்குப் போன கடிதம். எக்ஸ்-பிளேன் இறக்கையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றின் மீதும் விசையைக் கணக்கிடும் முறையில் ஓடுகிறது. அங்கே ஓட்டிய அனுபவத்தை வைத்து இங்கே இருக்கிற டெவலப்பருக்கு மார்க் போடுவதும் இதே தப்புதான்.

எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே விமான நிலையம், ஒரே வானிலை, ஒரே நேரம் வைத்து அளக்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

நிஜ விமானி சொன்னார் என்பதையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்வேன். அமைப்புகள் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். “கையில் அப்படியே நிஜம் மாதிரி இருக்கிறது” என்றால் நம்புவதில்லை. மேசையில் திருகி வைத்த ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் எந்த விமானமும் அப்படி இருக்காது. ஒவ்வொரு விமான நிறுவனமும் வேறு வேறு வசதிகளைத் தேர்ந்தெடுத்து வாங்குவதால், “எங்கள் விமானத்தில் இந்த எழுத்து இங்கே வராது” என்று அவர் சொல்வது அவருடைய நிறுவனத்துக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம்.

தேதி பார்க்காமல் படிக்கும் விமர்சனங்கள்

பிஎம்டிஜி 737-உம் ஃபெனிக்ஸ் ஏ320-உம் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஒரே மாதத்தில், 2022 மே மாதம் வந்தன. அந்த வாரம் எழுதிய, படம் பிடித்த ஒப்பீடுகள் இன்றும் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. ஃபெனிக்ஸ் வந்தபோது சிஎஃப்எம் எஞ்சின் மட்டுமே. 2024-இல் ஐஏஇ எஞ்சினும் வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றமும் வந்தன, ஏ319-உம் ஏ321-உம் சேர்ந்தன. பழைய விமர்சனத்தில் இருக்கும் குறைகளில் பல இப்போது இல்லை. இருக்கும் குறைகள் அதில் இல்லை.

தலைகீழான தப்பும் உண்டு: வரப்போவதை நம்பி வாங்குவது. ஒரு டெவலப்பர் “அடுத்த அப்டேட்டில்” என்று சொன்ன வசதிக்காக நான் முன்கூட்டியே பணம் கட்டினேன். அது வந்துசேர ஒன்றரை வருடம் ஆனது; அதற்குள் எனக்கு அந்த விமானமே அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் திட்டப் பட்டியலைப் படிப்பதில்லை, கடந்த ஒரு வருடத்தில் வந்த அப்டேட் குறிப்புகளைப் படிக்கிறேன். புகார் வந்தது, இத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

விலையை வைத்துத் தரத்தை ஊகிக்கவே முடியாது. ஃபிளைபைவயர் குழு 2020-இல், சிமுலேட்டரோடு வந்த ஏ320நியோவைத் திருத்த ஆரம்பித்து, 2024-இல் ஒரு முழு ஏ380-ஐ இலவசமாகக் கொடுத்தது. எக்ஸ்-பிளேனில் ஸிபோ 737 இலவசம்; காசு கொடுத்து வாங்கும் பல விமானங்கள் அதன் பக்கத்தில் நிற்கக் கூசும். முதலில் இவற்றைப் பதிவிறக்கி, மேலே சொன்ன சோதனைகளை இவற்றில் செய்து பழகுங்கள். காசு கேட்கும் விமானம் இவற்றைவிட எதில் மேல் என்று அப்புறம் கேட்கலாம்.

கடைசியாக, காக்பிட்டில் தெரியாத ஒரு தரம். 2018 பிப்ரவரியில், ஃபிளைட் சிம் லேப்ஸ் விற்ற ஏ320-இன் இன்ஸ்டாலருக்குள், குரோம் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் ஒன்று இருப்பதைப் பயனர் ஒருவர் கண்டுபிடித்தார். திருட்டு நகல் வைத்திருக்கும் குறிப்பிட்ட ஒரு ஆளைப் பிடிக்கத்தான் வைத்தோம் என்று நிறுவனம் சொன்னது, பிறகு நீக்கியது. பறப்பதில் அந்த ஏ320 அந்தக் காலத்தில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டது. எந்த இன்ஸ்டாலராவது “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் தொடரவும்” என்றால், டெவலப்பர் யாராக இருந்தாலும், எனக்கு இன்றும் மௌஸில் கை நகராது.