பஞ்சத்துக்குக் காரணம் போரா மழையா, எப்படிப் பார்க்குறது?

மத்தியகால ஐரோப்பாவுல ஒரு பஞ்சத்தைப் பத்திப் படிக்கிறீங்கன்னா முதல்ல மேப்பை எடுங்க, படை போன வழியில மட்டும் பட்டினின்னா அது போர் வேலை, சண்டையே இல்லாத ஊர்லயும் பட்டினின்னா வானிலையைப் பாருங்க. 1315ல ஆரம்பிச்ச பெரும்பஞ்சத்துக்கு விடாத மழைதான் காரணம், ஆனா வட இங்கிலாந்துல அதே சமயத்துல ஸ்காட்லாந்து படை வேற வந்து மாட்டை ஓட்டிட்டுப் போச்சு, அதனால ரெண்டும் சேர்ந்தும் வரும்.

அடுத்து என்ன அழிஞ்சதுன்னு பாருங்க, இதுதான் முக்கியம். சேர்த்து வெச்ச தானியம் மட்டும் போச்சுன்னா அடுத்த அறுவடையில தேறிடலாம், விதை, உழவு மாடு, கலப்பை எல்லாம் போச்சுன்னா எழுந்திருக்கவே பல வருஷம் ஆகும். 1069-70 குளிர்காலத்துல இங்கிலாந்து ராஜா வில்லியம் வட இங்கிலாந்துல இருக்குற யார்க்‌ஷயர்ல இதைத்தான் செஞ்சார், 1086 நிலக் கணக்கெடுப்புலயும் அங்க நிறைய ஊரை 'பாழ்'னுதான் எழுதியிருக்காங்க (வரி வராத நிலத்தையும் அப்படி எழுதியிருக்கலாம்னு ஒரு வாதம் இருக்கு, அதனால எல்லாத்தையும் அவர் தலையில கட்டிடாதீங்க).

முற்றுகைன்னா உள்ள இருந்து யாரை வெளிய தள்ளினாங்கன்னு தேடுங்க. 1203-04ல பிரெஞ்சுப் படை சுத்தி வளைச்ச, இங்கிலாந்து ராஜாவோட ஷாட்டோ கயார் கோட்டையில (இப்போ பிரான்ஸ்ல இருக்கு) சாப்பாடு பத்தாம ஊர்ஜனங்களை வெளிய விரட்டிட்டாங்க, முதல்ல வந்தவங்களை விட்ட பிரெஞ்சுப் படை அப்புறம் வந்தவங்களுக்கு வழி விடல, பாவம் அதுல நிறைய பேர் நடுவுலயே குளிர்லயும் பசியிலயும் செத்தாங்க.

சாவு எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பாதீங்க, யார்க்‌ஷயர்ல லட்சம் பேருக்கு மேலன்னு எழுதின துறவி ஆர்டெரிக் அந்த சம்பவத்துக்கு அப்புறம்தான் பொறந்தாரு.