படம் பார்த்த கையோடு நாலு வரி எழுதுவது எப்படி

'செகண்ட் ஹாஃப் லேக்', 'பிஜிஎம் காதைக் கிழிக்குது', 'ஏதோ சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கு.' வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் அடிக்கடி எழுதும் குறைகள் இவை. கடைசி இரண்டும் பல நேரம் இயக்குநர் செய்த தப்பே இல்லை, டிவி காட்டிய வேலை. ஆகவே கருத்து எழுதுவது பேனாவில் இல்லை, ரிமோட்டில் தொடங்குகிறது.

முதலில் டிவி

சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. இன்றைய டிவிகள் அந்த 24-க்கும் இடையில் தாமாகவே ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகி, அசைவை வழுவழுவென்று ஆக்கிவிடும். கிரிக்கெட்டுக்கு அது நல்லதுதான். சினிமாவுக்கு வைத்தால், கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த காட்சியும் மத்தியானச் சீரியல் போல ஆகிவிடும். சண்டையில் கைகால் ஓரங்கள் கரைந்து இழுபடும். எல்ஜியில் இதன் பெயர் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய செட்களில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்'). அணைத்துவிடுங்கள். 2019-க்குப் பிறகு வந்த பல டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருக்கும். அதைப் போட்டால் இந்தத் தொல்லை ஒரே அழுத்தில் தீரும். இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி' மோட். 'விவிட்' என்பது கடையில் பத்து டிவிக்கு நடுவே பளிச்சென்று தெரிவதற்காக வைத்தது. அதில் பார்த்துவிட்டு 'கலரிங் ஓவர்' என்று எழுதுவது நியாயமில்லை.

'இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியலை' என்று எழுதுமுன் மூன்றைப் பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்தும் 'ஈகோ' மோட் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறதா? ட்யூப் லைட் திரையில் எதிரொளிக்கிறதா? இணைய வேகம் போதுமா? முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் (Mbps), 4கே-க்கு 15 மெகாபிட் என்பது நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு. வேகம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இருட்டுதான். கறுப்பு கட்டம் கட்டமாக உடையும். போனில் தெளிவு குறைந்த 480பி-யில் பார்த்தவர் கேமராமேனைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை பிடிக்காமல் 'ஜூம்' போடுகிறவர்கள் உண்டு. சினிமாஸ்கோப் படத்தின் அகல-உயர விகிதம் 2.39:1, டிவி 16:9. பட்டை மறையும் வரை பெரிதாக்கினால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு வெளியே போய்விடும். ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சி கேரக்டரே காணாமல் போயிருக்கலாம். அப்புறம் 'அவளுக்கு எப்படித் தெரிந்தது, லாஜிக் இல்லையே' என்று எழுதுவோம்.

சத்தம்

வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் அலறுகிறது என்றால், பெரும்பாலும் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்குமாகப் பிரித்தது) இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவியில் ஓட்டுகிறீர்கள். 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். அந்த ஸ்பீக்கர் இல்லாதபோது எல்லாம் இரண்டுக்குள் திணிக்கப்பட்டு வசனம் அமுங்குகிறது. ஆப்பின் ஆடியோ பட்டியலில் சாதா ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையேல் டிவியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதியோ 'நைட் மோட்'-டோ இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வசனம் புரியவில்லையென்றால் தாராளமாகத் திட்டலாம்.

உதடும் பேச்சும் ஒட்டவில்லையா? புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் டிவி ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். சரியாகிவிட்டால் கோளாறு புளூடூத்தின் தாமதம், டப்பிங் அல்ல.

எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்

கருத்தின் முதல் வரியிலேயே இது வந்துவிட வேண்டும்: ஓடிடியா, சேனலா, மூல மொழியா, தமிழ் டப்பிங்கா. 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தைச் சேனலில் போட, மறுபடி வெட்டி 'யு/ஏ' வாங்குகிறார்கள். 'அந்தக் காட்சி தொண்டையில் சிக்கினது மாதிரி முடிகிறது' என்று உங்களுக்குப் பட்டது அந்தக் கத்தரியாகக்கூட இருக்கலாம்.

குரலைப் புகழும்போதும் கவனம். தமிழ்ப் படங்களிலேயே நாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பது சர்வசாதாரணம். '96' படத்தில் த்ரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. டைட்டில் கார்டைக் கடைசி வரை ஓடவிட்டால் பாராட்டு சரியான ஆளுக்குப் போய்ச் சேரும்.

பார்க்கும்போது குறிப்பு

போனில் எழுத வேண்டாம். எடுத்தால் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவோம். ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் போதும். படத்துக்கு ஐந்தாறு குறிப்புக்கு மேல் தேவையில்லை. நேரம் போட்டு எழுதுங்கள்:

1:32 – கொலை செய்தது யாரென்று காட்டியாச்சு
1:50 – ஃபிளாஷ்பேக். தெரிஞ்சதுதானே?
2:12 – இன்ஸ்பெக்டருக்கு இப்பதான் தெரியுது

எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் குறியுங்கள். முதல் பாதியை ராத்திரியிலும் மீதியை மறுநாள் துணி மடித்துக்கொண்டும் பார்த்தால், எந்தப் படத்திலும் செகண்ட் ஹாஃப் லேக்தான்.

எழுதும்போது

மேலே உள்ள சீட்டை வைத்துக்கொண்டு 'செகண்ட் ஹாஃப் லேக்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதையே இப்படி எழுதலாம்: 'கொலையாளி யாரென்று ஒன்றரை மணி நேரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடிக்க இன்னும் நாற்பது நிமிடம். இடையில் வரும் ஃபிளாஷ்பேக்கும் நமக்குத் தெரிந்த கதையையே சொல்கிறது.' லேக் என்ற சொல்லே இல்லை, ஆனால் ஏன் இழுத்தது என்று தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றையும் யோசியுங்கள். நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதே குறையாகாது. அந்த நாற்பது நிமிடமும் கொலையாளி இன்ஸ்பெக்டர் வீட்டிலேயே வாடகைக்கு இருந்திருந்தால் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்போம். இங்கே யாருக்கும் ஆபத்து இல்லை. கோளாறு திரைக்கதையில்தான், 'எடிட்டர் தூங்கிட்டார்' என்று பழி போடாதீர்கள்.

கதைச் சுருக்கம் இரண்டு வரி தாண்ட வேண்டாம். இடைவேளைக்குப் பின் நடப்பதைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் முன்னாலேயே எச்சரித்துவிடுங்கள். மேலே உள்ள மாதிரிக்கும் அந்த எச்சரிக்கை தேவை. 'ட்விஸ்ட் சூப்பர்' என்பதும் பாதி ஸ்பாய்லர்தான்; அதைப் படித்தவர் படம் முழுக்க அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நட்சத்திரம் போடுவது உங்கள் இஷ்டம். போட்டால், மூன்று என்பதற்கு அளவுகோலாக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாமே மூன்றரையில் வந்து நிற்கும்.

தொடர் என்றால்

முதல் வேலை, அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை செட்டிங்ஸில் நிறுத்துவது. நான்காவது எபிசோடைப் பற்றிய கருத்தை ஐந்தாவது தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். ஐந்தைப் பார்த்தபின் எழுதினால் 'அப்பவே சந்தேகப்பட்டேன்' என்ற பொய் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எபிசோடுக்கும் மூன்றே வரி: இதில் புதிதாக நடந்தது என்ன, யார் மாறினார்கள், இப்போதைக்கு யார்மேல் சந்தேகம். முதல் வரிக்கு எழுத எதுவும் கிடைக்காவிட்டால் அது சீசனை நீட்டிக்கப் போட்ட எபிசோடு. சீசன் முடிந்ததும் பழைய குறிப்புகளைத் திருத்தாதீர்கள். தப்பான யூகமும் அப்படியே இருக்கட்டும், தேதி போட்டு அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தால் போதும்.