குளக்கட்டில் சைக்கிள் பயிற்சி

உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓடத் தொடங்குபவர் புதிது வாங்கவேண்டியதில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கும் பழையதன் பிரேக்கையும் சங்கிலியையும் சீர்செய்தாலே போதும். பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளுமளவுக்கு இருக்கையை உயர்த்துங்கள். தாழ்த்தி வைத்துவிட்டு முழங்கால் நோகிறது என்போரே அதிகம். லொறிகள் விரையும் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைத் தவிர்த்து, நிலம் வெளித்தபின் (விடியுமுன் காட்டோரத்தில் யானை நிற்கக்கூடும்), வெயில் ஏறுமுன், குளக்கட்டிலோ வயலோரக் கிறவல் வீதியிலோ, பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நாளுக்கு 15 நிமிடம் ஓடத் தொடங்கி, உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடத்தைப் படிப்படியாக எட்டலாம். இதயநோய், நீரிழிவு உள்ளவர்கள் முன்னதாக மருத்துவரிடம் கேட்கவேண்டும். திரும்பியதும் சில்லை மெல்லச் சுழற்றிப் பார்த்தால், டயரில் ஏறிய நெருஞ்சி முள்ளை அது ரியூப்பைத் தொடுமுன் பிடுங்கிவிடலாம்.