லிங்க் அனுப்பும் முன் இதைப் பாருங்கள்

எத்தனை புள்ளி என்று சொன்னால் கோலம் வரைந்து காட்டும் குட்டித் தளம் ஒன்றை இரண்டு வார இறுதிகளில் எழுதி முடித்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டால் வெறும் நீல எழுத்து. படமும் இல்லை, தலைப்பும் இல்லை. ஒருவரும் தொடவில்லை. சித்தி மட்டும், "இது ஏதும் வைரஸாப்பா?" என்று கேட்டார்.

காரணம், லிங்க்கோடு எந்தத் தலைப்பும் படமும் முன்னோட்டமாக வர வேண்டும் என்று சொல்லும் குறிப்புகளான ஓபன் கிராஃப் டேக்குகளைப் பக்கத்தில் நான் வைக்கவே இல்லை. ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த இந்த முறையைத்தான் வாட்ஸ்அப், டெலிகிராம், லிங்க்ட்இன் எல்லாமே பார்க்கின்றன. பக்க நிரலின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில் தலைப்பு, விவரம், படம், முகவரி என நான்கு மெட்டா டேக் போதும்.

படத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். அதன் முகவரியை எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுதாக எழுதுங்கள். வெறும் கோப்புப் பெயர் எடுபடாது. அகலம் 1200, உயரம் 630 பிக்சல். கோப்பை 300 கேபிக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். பக்கத்தை உலாவியிலேயே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு உருவாக்கும் ரியாக்டில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னோட்டம் எடுக்கும் நிரல்கள் பொதுவாக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே டேக்குகள் இருக்க வேண்டும். எனக்கு ஒரு முழு மாலை இதில்தான் போனது.

சரி, திருத்திய பிறகும் பழைய முன்னோட்டமே வருகிறதா? லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, வி=2 என்று சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப் அதைப் புது முகவரி என்று நினைத்து முன்னோட்டத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும். அப்புறம், குழுவில் போடும் முன் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.