புதர் மண்டிப்போன மல்பெரியை எப்படி வெட்டோணும்? புதுசா தோட்டம் போடறவங்களுக்கு

நம்ம கொங்குப் பக்கத்துல பொடக்காளியில, அதாவது வீட்டுக்குப் பின்னாடி, ஒரு மல்பெரி வெச்சு விட்டா ரெண்டு மூணு வருசத்துல அது கூரைக்கு மேல போயிருதுங்க, குச்சி குச்சியா ஒண்ணோட ஒண்ணு பின்னி, உள்ள வெளிச்சமே போகாம, பழம் வந்தாலும் உச்சாணியில வந்து மைனாவும் குயிலும் திங்கும், நமக்குக் கீழ விழுந்து கறையானதுதான் மிச்சம். இதுக்காக மரத்தையே எடுத்தரலாம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. எடுக்காதீங்க. கவாத்து பண்ணுனா, அதாவது கெளையை அளவா வெட்டி விட்டா, அதே மரம் கைக்கு எட்டற உயரத்துல காய்க்கும்.

மொதல்ல ஒரு விசயம் புரிஞ்சுக்கோணும். யூடியூப்ல பெர்ரி கவாத்துன்னு தேடுனா ராஸ்ப்பெர்ரி வீடியோதான் வரும். அது குளுரு ஊர்ச் செடி, பெரும்பாலான ரகத்துல ஒரு குச்சி மொதல் வருசம் வளந்து ரெண்டாவது வருசம் காய்ச்சுட்டு செத்துப் போயிரும், அதனால காய்ச்ச குச்சியைத் தரையோட வெட்டி எடுத்துட்டு புதுக் குச்சியை விட்டு வெப்பாங்க. மல்பெரி அப்படி இல்லீங்க, இது மரம், குச்சி சாகாது, ஆனா பழம் புதுசா வெடிக்கற சிம்புலதான் (எளங்குச்சிலதான்) வரும், இலை விரியறப்பவே இலைக்கக்கத்துல பச்சையா சின்னப் பூங்கொத்து நிக்கும் பாருங்க, அதுதான் பழமாகுது. புதுச் சிம்பு எத்தனையோ அத்தனைக்குத்தான் பழம். அதனால வெட்ட பயப்படாதீங்க, வெட்டறதே சிம்பு வர வெக்கத்தான்.

வெட்டறதுக்கு முன்னாடி இது காய்க்கற மரந்தானான்னு பாத்துக்கோங்க. மல்பெரில ஆண் பூ மட்டும் விடற மரமும் இருக்குது, அதை எத்தனை வெட்டுனாலும் பழம் வராது. ஒரு தடவையாவது பழம் பாத்த மரம்னா தைரியமா எறங்கலாம்.

எப்ப வெட்டறது? பெரிய வெட்டுன்னா எனக்கு தை மாசந்தான் சரின்னு படுது. ஐப்பசி கார்த்திகை மழையில வெட்டுனா வெட்டுவாயில தண்ணி நின்னு அழுகும், சித்திரை வெயில்ல மொட்டையா விட்டா பட்டை வெந்து வெடிக்கும். தையில வெட்டுனா மண்ணுல ஈரம் இருக்கும், பங்குனிவாக்குல பழம் பாக்கலாம். ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா நம்ம ஊர்ல அடிக்கற அடிக்கு உசரமா நெட்டையா நிக்கற மல்பெரி கெளை முறியும், குட்டையா வெச்சிருந்தா அந்தக் கவலையும் இல்லை.

சாமான்னு பாத்தா கை கட்டர் ஒண்ணு, கைவாள் ஒண்ணு போதும். கட்டை வெரல் தண்டி வரைக்கும் கட்டர், அதுக்கு மேல வாள். கொடுவாளால கொத்தாதீங்க, கட்டை பிளந்து பட்டை கிழிஞ்சுரும், அதுல நோவு ஏறும். பிளேடை டெட்டால்ல தொடச்சுக்கோங்க. வெட்டுனா பால் வடியும், சிலருக்கு அரிக்கும், அதனால கிளவுஸ் போட்டுக்கங்க.

இனி வெட்டு. மொதல்ல காஞ்சது, பூச்சி அரிச்சது, முறிஞ்சது எல்லாம் எடுங்க. அப்பறம் தூர்ல கெளம்பற மெலிசு குச்சியெல்லாம் ஒட்டி எடுங்க. இப்பத்தான் மரத்தோட உருவமே தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு ஒரு சுத்து சுத்தி வந்து பாருங்க, திசைக்கு ஒண்ணா நல்லா வெளிய பாத்துப் போற நாலஞ்சு கெளையை முடிவு பண்ணுங்க, அதை மட்டும் வெச்சுட்டு நடுவுல நேரா மேல போறதையும் ஒண்ணை ஒண்ணு உரசறதையும் எடுத்துருங்க. நடு வயிறு காலியா, குடையைத் தலைகீழா விரிச்ச மாதிரி இருக்கோணும். அப்பறம் வெச்ச கெளைகளை நெஞ்சு உசரத்துக்குக் கொறைங்க, வெளிப்பக்கம் பாக்கற கணுவுக்குக் கால் இஞ்சு மேல, லேசா சாய்ச்சு. கணு உள்ள பாத்தா சிம்பும் உள்ளதான் போகும், மறுபடி அதே புதர்.

தண்டி கெளைன்னா ஒரே வெட்டா மேல இருந்து அறுக்காதீங்க, பாதி அறுக்கறதுக்குள்ள பாரம் தாங்காம முறிஞ்சு பட்டையை அடி வரைக்கும் உரிச்சுட்டு வந்துரும். கெளையோட கீழ்ப்பக்கம் கால்வாசி அறுங்க, அதுக்கு நுனிப்பக்கமா அரை அடி தள்ளி மேல இருந்து அறுத்து பாரத்தைக் கீழ விடுங்க, கடைசியா மிச்சத்தைச் சுத்தமா எடுங்க. பெரிய காயத்துக்குக் காப்பர் ஆக்ஸி குளோரைடுங்கற பூஞ்சாண மருந்துப் பவுடரைக் கெட்டியா கொழச்சுப் பூசுங்க, சின்னதுக்கு ஒண்ணும் வேண்டாம். மிச்சக் கெளையில இலை இருந்தா அதையும் உருவி விட்டுருங்க, கணுவுல இருக்கற கண்ணு (மொட்டு) சீக்கிரம் முழிக்கும்.

தூர்ல இருந்து ஒண்ணரை ரெண்டடி தள்ளி வட்டமா பாத்தி கட்டி ரெண்டு கூடை மக்குன சாணி உரமோ ஆட்டுப் புழுக்கையோ போட்டு, தண்ணி விட்டு, மேல காஞ்ச இலையோ தென்னமட்டையோ மூடாக்கா போடுங்க. யூரியா வேண்டாமுங்க, இலைதான் தடதடன்னு வரும். ரெண்டு வாரத்துல கணு கணுவா சிம்பு வெடிக்கும். ஒரு கெளைக்கு நல்லதா நாலஞ்சு மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் கையிலயே கிள்ளிருங்க, இதைச் செய்யாம விட்டாத்தான் அடுத்த வருசம் பழைய கதை. பழம் கருப்பா மாறுனதும் பறிங்க, செகப்புல பறிச்சா புளிக்கும்.

நுனி இலை சுருண்டு தடிச்சு முடிச்சு மாதிரி ஆனா அது மாவுப்பூச்சி, அந்த நுனியைக் கிள்ளிப் பையில போட்டுக் கட்டி அழிச்சுருங்க. 2008ல பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி மல்பெரி, பப்பாளி, மரவள்ளின்னு ஒண்ணு விடாம நாசம் பண்ணுச்சு, அப்ப மருந்துக்கு அடங்காத பூச்சி 2010ல வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிக்குத்தான் (பூச்சிக்குள்ளயே முட்டை வெச்சு அதைக் கொல்ற சின்னக் குளவி) அடங்குச்சு. அதனால எடுத்த எடுப்புல மருந்து அடிக்காதீங்க, நல்ல பூச்சியும் சாகும். உடுமலை, கோபி பக்கம் பட்டுப்புழு வளக்கறவங்க பக்கத்துல இருந்தா புழு திங்கறது மல்பெரி இலைதான், மருந்து லேசா காத்துல போனாக்கூட அவங்க புழு செத்துப் போயிரும், இதை ரொம்ப அக்கறையா பாத்துக்கோங்க.

வெட்டுன இலை வெள்ளாட்டுக்கு அருமையான தீனி. பென்சில் தண்டி குச்சிகளை மூணு நாலு கணு இருக்கற மாதிரி ஒரு சாண் வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக நட்டு நெழல்ல வெச்சுருங்க. இலை சீக்கிரமே வந்துரும், வேர் அதுக்கப்பறந்தான் புடிக்கும், அதனால ரெண்டு மாசத்துக்கு இழுத்துப் பாக்காதீங்க.

பழம் ஓய்ஞ்சதும் காய்ச்ச சிம்பை ரெண்டு மூணு கணு விட்டு வெட்டி, தண்ணி உரம் குடுத்தா மறுபடி சிம்பு, மறுபடி பழம். பெரிய வெட்டு இனி வருசத்துக்கு ஒண்ணு, அதே தையில.