காலைத் தும்மலா? தலையணையைக் கவனியுங்கள்

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. வெளியே கிளம்பினால் சரியாகிவிடுகிறதா? படுக்கையில் இருக்கும் தூசிப்பூச்சிகள் காரணமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இவற்றுக்கு நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் சாப்பாடு. ஒவ்வாமையைக் கிளப்புவது முக்கியமாக இவற்றின் எச்சம்.

தலையணை உறை, விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் எச்சம் ஓரளவு போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மையை மட்டும் மறந்துவிடாதீர்கள்! வெந்நீர் தாங்காது என்றால், பையில் போட்டு ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் அலசிக் காயவையுங்கள். இழுப்பும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.